மாத்திரையை நிறுத்தியும் மனசு ஏன் இழுக்குது? மூளை ஸ்கேன் காட்டுறதும் காட்டாததும்

[காட்சி: மண்டபம் கரை, விடியக்காலை. ஐஸ் உடைக்கிற சத்தம். வலை பின்னுற ஊசியோட ஒரு கை.]

குரல்: வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்துற பழக்கத்தை விட்டு மூணு மாசம் ஆன ஒருத்தர் ஊருக்குத் திரும்புறார்னு வைங்க. வயித்துப்போக்கு, உடம்புவலி, மூக்குல தண்ணி எல்லாம் எப்பவோ அடங்கிடுச்சு. ஆனா ஐஸ் அறைக்குப் பின்னாடி இருக்கிற அந்தச் சுவரைப் பார்த்ததும் வாய் வறண்டு நெஞ்சு படபடக்குது. அங்க நின்னுதான் ஊசி போட்டுக்குவார். வைராக்கியம் பத்தலன்னு ஊர் பேசும். அது ரொம்ப அநியாயமான பேச்சு. சுவருக்கும் போதைக்கும் மூளை போட்டு வெச்ச முடிச்சு அது.

[காட்சி: எம்ஆர்ஐ அறை]

குரல்: இந்த வேட்கையை எஃப்எம்ஆர்ஐல, அதாவது மூளை வேலை செய்றப்பவே எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேன்ல பார்க்கலாம். 3 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) காந்தம், பூமியோட காந்தத்தை விடப் பல்லாயிரம் மடங்கு. தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாம் வெளியில. தூண்டில் முள் உடைஞ்சு உடம்புல தங்கியிருக்கா, வெல்டிங்ல கண்ணுல இரும்புத்தூள் பட்டிருக்கான்னு கட்டாயம் கேட்கணும். சந்தேகம்னா முதல்ல எக்ஸ்ரே.

மெஷின் நேரடியா ஆசையைப் படம் பிடிக்கிறதில்ல. வேலை செய்ற இடத்துக்கு ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலா ஓடும். அந்த மாற்றத்தைத்தான் அளக்குது. 1990-ல செய்ஜி ஒகாவாங்கிற ஜப்பானிய விஞ்ஞானி காட்டின வழி இது. மெஷினுக்குள்ள படுத்திருக்கிறவருக்குப் படங்கள் காட்டுவாங்க. படம் பார்த்து 5, 6 நொடி கழிச்சுத்தான் ரத்தம் உச்சத்துக்கு வரும். அதனால 4 நொடிக்கு ஒண்ணா ஆறு படம், 24 நொடி போதைப் படங்கள். அடுத்த 24 நொடி சாதாரணப் படங்கள். ஒவ்வொரு தொகுதி முடிவுலயும் "இப்ப எவ்வளவு இழுக்குது?" 0-லேர்ந்து 10 வரை பட்டன்ல பதில்.

[காட்சி: ரெண்டு படம் பக்கத்துல பக்கத்துல. சிரிஞ்சு பிடிச்ச கை. வலை ஊசி பிடிச்ச கை.]

குரல்: ஆய்வு பெரும்பாலும் கெட்டுப்போறது இங்கதான். போதைப் படத்துக்கு வந்த அளவுலேர்ந்து சாதாரணப் படத்துக்கு வந்ததைக் கழிச்சு மிஞ்சுறதுதான் திரையில சிவப்பாத் தெரியுது. சிரிஞ்சுப் படத்துல கை இருந்து, மத்ததுல கை இல்லைன்னா, கையைப் பார்த்த மூளையைத்தான் அளந்திருப்பீங்க. வெளிச்சமும் நிறமும்கூடச் சமமா இருக்கணும். வெளிநாட்டுல போதையைக் கரைக்கிற கரண்டியும் லைட்டரும் காட்டினா மாத்திரை அட்டை பார்த்துப் பழகினவருக்கு ஒண்ணும் தோணாது. படகுத்துறையைச் 'சாதாரணப் படம்'னு வெச்சா இவருக்கு அதுவே தூண்டுதல். படங்களை அவர்கிட்டயே முன்கூட்டிக் காட்டி மதிப்பெண் வாங்கிடணும்.

வழக்கமா எழும்பி நிக்கிற மூளைப் பகுதிகள்: ஆசையோட சம்பந்தப்பட்ட வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம், உணர்ச்சியோட சம்பந்தப்பட்ட அமிக்டலா, கவனத்தோட சம்பந்தப்பட்ட முன் சிங்குலேட், அப்புறம் இன்சுலா. உடம்புக்குள்ள நடக்குறதை நமக்கு உணர்த்துறது இன்சுலா. அந்த வறண்ட வாய், படபடப்பு எல்லாம் அங்கதான் வந்து சேருது. அங்க அடிபட்ட சிலர் சிகரெட்டைச் சுலபமா விட்டதா 2007-ல ஒரு ஆய்வு வந்துச்சு.

கண்ணுக்கு மேல இருக்கிற ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதியும் முக்கியம்தான். ஆனா பக்கத்துல சைனஸ் காற்று இருக்கிறதால அங்க சிக்னல் அழிஞ்சுபோகும். அங்க சிவப்பு இல்லைன்னா செயல்பாடே இல்லைன்னு எழுதிடக்கூடாது. தலை 3 மில்லிமீட்டர் அசைஞ்சாப் போதும், அளக்குற கட்டமே மாறிடும். ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து, மூச்சை மெதுவாக்கும். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கூடி ரத்தக்குழாய் விரிஞ்சு அளவீடே மாறும். அதனால சிகிச்சைக்குக் கொடுக்கிற பியூப்ரினார்ஃபின் (இதுவும் ஒரு ஓபியாய்டுதான்) மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார்னு குறிச்சே ஆகணும்.

இன்னொண்ணு: இந்தச் சிவப்பு பலரோட சராசரி. ஒரே ஒருத்தரோட ஸ்கேனைக் காட்டி "இவர் மறுபடி போடுவார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. விட்டு இருந்தவர் பழைய அளவையே மறுபடி போட்டா மூச்சு நின்னுடலாம், ஏன்னா உடம்புக்கு அந்தத் தாங்கும் சக்தி போயிருக்கும். மூச்சு மெதுவாகி, உதடு நீலமானா உடனே 108. வேட்கை வந்தா போதை மீட்பு உதவி எண் 14446.

[காட்சி: ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சு. ஒரு டம்ளர் டீ.]

குரல்: ஸ்கேன் முடிஞ்சதும் வேலை முடியல. ஒரு மணி நேரமா வேட்கையைக் கிளறி விட்டிருக்கோம். உட்கார வெச்சுப் பேசணும், அந்த 0-10 கேள்வியை மறுபடி மறுபடி கேட்கணும். காலையில உள்ள வந்தப்ப 2 சொன்னவர் மறுபடி 2 சொல்ற வரைக்கும் ராமேஸ்வரம் பஸ்ஸுல ஏத்தக்கூடாது.