சட்டியும் அகப்பையும்

(ஆசிரியர் தின விழாவில் பேசியது. இருமலையும் மைக் கரகரப்பையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட தீப்பெட்டி ஆலை அண்ணாச்சி அவர்களே, என்னைப் பற்றி என் மனைவிக்கே தெரியாத பெருமைகளை வரவேற்புரையில் அடுக்கிய தம்பி அவர்களே, ஒன்பதரைக்கு வரச்சொல்லி பதினொன்றே காலுக்கு விழாவைத் தொடங்கியும் முகம் சுளிக்காத ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வயதைக் காரணமாக வைத்து மன்னிக்கவும். ஒலிபெருக்கித் தம்பிக்கும் ஒரு வணக்கம். அவர் மனது வைத்தால்தான் நான் பேசுவது உங்கள் காதுக்கு வரும்.

பேரூராட்சித் தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. எங்கள் தெருப் பள்ளிக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுத்தேன். பதினோராம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. குறை சொல்ல மட்டும் மேடை ஏறினால் நன்றாக இருக்காது. அம்மாவிடம் இன்னொரு மனுவும் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘ஆசிரியரின் குணமும் கற்பிக்கும் பாணியும்’. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். முதலாவது அமைதியான ஆசிரியர், இரண்டாவது கோபக்கார ஆசிரியர், மூன்றாவது வகுப்பறையில் சிரிப்பு. அதற்கு முன்னால் என் பழமொழி. முன்வரிசை இப்போதே சிரிக்கிறது. ஆமாம், அதேதான்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆசிரியருக்கு அறிவு இருந்தால்தான் பிள்ளைக்குப் போகும் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். சட்டியில் இருப்பது அறிவு மட்டும்தானா? குணமும் அதில்தானே கிடக்கிறது? கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டு அகப்பையில் பாயசம் அள்ள முடியாது. அப்படி அள்ளப் பார்த்து அசிங்கப்பட்டவன் நான்.

1986ஆம் வருடம். முதல் வேலை, கரிசல்காட்டில் ஓர் ஈராசிரியர் பள்ளி. விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. மிஞ்சிய பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். தலைமை ஆசிரியருக்குக் கோயில் மணி மாதிரிக் குரல். கதை சொன்னால் அவரே நரி, அவரே காக்கா. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். நானோ சங்கோஜி. கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன். ஆசிரியர் என்றால் இவர் மாதிரித்தான் இருக்க வேண்டும்போல என்று முடிவுகட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்மாய்க் கரையில் நின்று சிங்கம் மாதிரிக் கர்ஜித்துப் பழகினேன். பார்த்த சாட்சி இரண்டு எருமைகள்.

திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்பில் சிங்கமும் முயலும் கதை. சிங்கம் வந்தது, கர்ஜித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டே எழுந்து வீட்டுக்கே ஓடிவிட்டது. பின்னாலேயே இன்னும் மூன்று. அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் பாட்டி வாசலில் நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை, கையில் விளக்குமாறு. பெருக்கிக்கொண்டு இருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். “ஏன் சார், பச்சப்பிள்ளைய இப்படியா பயங்காட்டுவீக? திருநீறு போடப் போறேன், ரெண்டு ரூவா குடுங்க” என்றாள். கொடுத்தேன்.

தலைமை ஆசிரியர் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் சொன்னார்: “தம்பி, எனக்கு ஆண்டவன் வாயைக் கொடுத்திருக்கான். உனக்குக் காதைக் கொடுத்திருக்கான். நீ எதுக்குக் கத்துற? அதுகளைப் பேசவிட்டுக் கேளு.”

சரி என்று மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆடு மேய்க்கிற வீடு. மூன்று மாதமாக ‘உள்ளேன் ஐயா’ தவிர ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. கணக்குப் போட்டேன்: எட்டு ஆடு இருக்கிறது, மூன்றை விற்றுவிட்டார்கள், மீதி எத்தனை? எல்லோரும் ஐந்து என்கிறார்கள். இவன் மட்டும் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கிறான். பழைய நானாக இருந்தால் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். காத்திருந்தேன். கடைசியில் கேட்டான்: “எந்த ஆட்ட சார் வித்தாக?”

ஏன்டா என்றேன்.

“வெள்ளச்சிய வித்துட்டா அது குட்டி ரெண்டும் கூடவே போயிரும் சார். அப்ப மூணுதான் மிஞ்சும்.”

பாருங்கள், எவ்வளவு கைதட்டு! முப்பத்தைந்து வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அந்தக் கேள்விதான். நான் தொடர்ந்து கர்ஜித்துக்கொண்டிருந்தால் வெள்ளச்சி என் வகுப்புக்குள் வந்திருக்குமா? தலைமை ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், என் வகுப்பில் பேசினார்கள். இரண்டு வகுப்பிலும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுதான் போனார்கள். அவர் சட்டி வேறு, என் சட்டி வேறு.

சுமார் 800 வருடத்துக்கு முன்னால் பவணந்தி முனிவர் நன்னூலில் இதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார். ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நான்கு உவமை சொல்கிறார். கழற்குடம்: கழற்சிக்காயைப் போட்டு நிரப்பிய குடம், கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, கலைந்து கொட்டும். மடற்பனை: கருக்குமட்டை கழிக்காத பனை, பழம் அதுவாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் பனையை விளக்க வேண்டியதில்லை. பருத்திக் குண்டிகை: சிறுவாய்க் குடுக்கையில் பஞ்சை அடைப்பதும் பாடு, எடுப்பதும் பாடு. முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் வீட்டில்.

இந்த நான்கில் ஏதாவது ஒன்று காலியாக இருக்கிறதா? குடம் நிறைய காய், பனை நிறைய பழம், குடுக்கை நிறைய பஞ்சு, தென்னை நிறைய தேங்காய். நாலு பேருமே படித்தவர்கள்! படிப்பில் பழுதில்லை, கொடுக்கிற குணத்தில்தான் கோணல். இங்கே என் பழமொழி கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். சட்டியில் இருந்தாலும் அகப்பையில் வராமல் போவது உண்டு.

இரண்டாவது, கோபக்காரர். இதைச் சுருக்கிக்கொள்கிறேன். தலைவர் ஏற்கெனவே கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் 1871இல் போய்ச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் கனிந்த மனிதர். அவரிடமே படித்த தியாகராச செட்டியாரோ கறார் பேர்வழி, பட்டென்று பேசுகிறவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். 1880இல் அந்தச் செட்டியார்தான் தாம் விலகிய இடத்தில் உ.வே.சா.வை உட்கார வைத்தார். ஒரே சட்டியில் சமைத்த தமிழ், பரிமாறிய கைகள் வேறு. ஆகவே கண்டிப்பானவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிரம்பு வேறு விஷயம். கல்வி உரிமைச் சட்டத்திலேயே உடல் தண்டனைக்குத் தடை இருக்கிறது, பேச்சுக்கே இடமில்லை.

நல்ல ஆசிரியர் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கும் பவணந்தியாரிடம் வரி இருக்கிறது: ‘விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து’. முதல் சொல்லைக் கவனியுங்கள். வெகுளான் அப்புறம், விரையான்தான் முதலில்.

அண்மையில் விழா அழைப்பிதழ் கொடுக்க ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், எல்லா ஊரும்தான். ஒரே அறையில் மூன்று வகுப்பு. அந்த டீச்சர் தங்கமான பெண், முகம் சுண்டிப் பார்த்ததில்லை. கையில் கைப்பேசி. எமிஸில், அதாவது பள்ளி விவரங்களைப் பதிகிற அரசின் இணையதளத்தில், ஏதோ ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு வாண்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறது. “டீச்சர், இங்க பாருங்க.” “இருடா கண்ணு, சர்வர் சுத்துது.” இரண்டாம் முறை வந்தது. சர்வர் சுற்றியது. மூன்றாம் முறை வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்துப் பையனிடம் சொல்கிறது: “டீச்சருக்குத் தலை சுத்துதாம்.”

இந்த டீச்சரின் குணத்தில் என்ன குறை? சட்டி நிறைய அன்பு இருக்கிறது. அகப்பையை அல்லவா பிடுங்கி வைத்துக்கொண்டோம்! பவணந்தியார் இன்று இருந்தால் ஐந்தாவதாக ஓர் உவமை எழுதியிருப்பார்.

கல்வி உரிமைச் சட்டம் 2009. அதன் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. பதிவேடு நிரப்புவது கல்விப் பணிதானே என்று அலுவலர் ஐயா கேட்கலாம். கேட்கட்டும், சட்டத்தின் எழுத்து அவர் பக்கம்கூட இருக்கலாம். அதே சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து. அந்த இருவரில் ஒருவர் நாளெல்லாம் கைப்பேசியோடு உட்கார்ந்தால், மிச்சமிருப்பவர் எந்தக் குணத்தோடு எந்தப் பாணியில் கற்பிப்பார்? பாணி கிடக்கட்டும், ஆள் வேண்டாமா? கணக்கெடுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பிள்ளை வரவில்லை என்று அரசுக்குத் தெரியத்தான் வேண்டும். அதை எழுத ஓர் ஆளைப் போடுங்கள். மூன்று தொடக்கப் பள்ளிக்கு ஓர் எழுத்தர், அவ்வளவுதான் கேட்கிறோம்.

தலைவரிடமிருந்து சீட்டு வந்துவிட்டது: ‘2 நிமிடம்’. சிரிப்பைப் பற்றி எழுதி வந்த தாள் மடித்தபடியே சட்டைப் பையில் இருக்கிறது, இருக்கட்டும். அம்மா, நான் சொன்ன இரண்டாவது மனு இதுதான். எழுத்தர் கேட்டு மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு, வாசலில் தேநீர் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் மனு இருக்கிறது. வடைக்குப் போகிற வழியும் அதுதான், தப்பிக்க முடியாது. பேனா கட்டி வைத்திருக்கிறேன். போன கூட்டத்தில் இரண்டு பேனா காணாமல் போனதால் இந்த முறை கயிற்றோடு.