குளத்தை அறுத்து விற்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் திருவல்லிக்கேணி பக்கம் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ ஸ்டாப் தெரிந்திருக்கும். கடற்கரைச் சாலையில் வளைந்த சுவரோடு நிற்கும் அந்தக் கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம். 1897-இல் சுவாமி அங்கே தங்கியது பலருக்கும் தெரியும். அதற்கெல்லாம் முன்னால், 1840-களில், அது வெறும் ஐஸ் கிடங்கு. ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து, பாஸ்டன் நகரத்திலிருந்து. குளத்தில் உறைந்ததை அறுத்து, கப்பலில் ஏற்றி, நம் ஊர் வெயிலுக்குக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கா எப்படி மாறியது என்று பேசச் சொன்னார்கள். ரயில், எஃகு, எண்ணெய் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் ஐஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் இதில் மூலப்பொருளுக்குக் காசே கிடையாது.

பிரெடெரிக் டியூடர் பாஸ்டனில் வசதியான வீட்டுப் பிள்ளை. 1806-இல், இருபத்திரண்டு வயதில், ஒரு கப்பல் நிறைய ஐஸை கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, ‘இது வேடிக்கைச் செய்தி அல்ல’ என்று சொல்லிவிட்டு, இந்த வியாபாரம் வழுக்கிவிடாமல் இருக்கட்டும் என்று குத்திக் காட்டியது. வழுக்கத்தான் செய்தது. ஐஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. இறக்கி வைக்க அங்கே கிடங்கு இல்லை. கண்ணெதிரே உருகியது. அப்புறம் கடன் மேல் கடன். கடனுக்காக 1812-இலும் 1813-இலும் சிறைக்கும் போனார். ஆனாலும் விடவில்லை.

அவர் கண்டுபிடித்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஊரில் வீணாகிக்கொண்டிருந்தவற்றை ஒன்று சேர்த்தார், அவ்வளவுதான். பாஸ்டனிலிருந்து தெற்கே போகும் கப்பல்களில் பலவும் சரக்கில்லாமல், கல்லை அடிப்பாரமாக ஏற்றிக்கொண்டு போயின. கல்லுக்குப் பதில் ஐஸ் என்றால் கப்பல் கூலி குறைவு. மெயின் மாநிலத்து மர அறுவை மில்களில் மரத்தூள் மலையாகக் குவிந்து கிடந்தது. உருகாமல் பொதிந்து வைக்க அதைவிடத் தோதான பொருள் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் வயலில் வேலை கிடையாது; ஆட்களும் குதிரைகளும் சும்மா இருந்தார்கள். பாறையையும் ஐஸையும் தவிர இங்கே வேறென்ன விளைகிறது என்று பாஸ்டன் பக்கத்துப் பிரதேசத்தையே கேலி செய்வார்கள். இரண்டில் ஒன்றை டியூடர் காசாக்கிவிட்டார்.

வாங்க ஆள் வேண்டுமே? அமெரிக்கத் தென்மாநில நகரங்களின் மதுக்கடைகளுக்குச் சில காலம் ஐஸை இலவசமாகக் கொடுத்தார். குளிர்ந்த பானத்தையும் சாதாரண விலைக்கே விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. குடித்துப் பழகிய வாடிக்கையாளர் அப்புறம் வெதுவெதுப்பானதைத் தொடுவாரா? இன்றைக்கு ‘முதல் மாதம் இலவசம்’ என்கிறார்களே, அதேதான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐஸோடு போன கப்பல்கள் சர்க்கரையும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு திரும்பின. அவற்றை விளைவித்தவர்கள் அடிமைகள்.

அறுவடை நடந்த விதம் சுவாரசியமானது. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் ஊரில் ஃபிரெஷ் பாண்ட் என்றொரு ஏரி. முதலில் மேலே கிடக்கும் பனியைக் குதிரைகளை விட்டு வழித்துத் தள்ளுவார்கள். பிறகு ஏர். ஆமாம், ஐஸ் மேல் ஏர் ஓட்டுவதுதான். நத்தானியேல் வயத் என்பவர் 1825-இல் செய்த கருவியில் இணையாக இரண்டு இரும்பு அலகுகள் இருந்தன. ஓர் அலகு முன்பு கீறிய சாலிலேயே ஓடும், மற்றது அடுத்த சாலைக் கீறும். குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி முடித்தால் ஏரி சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும். கடப்பாரையால் ஒரு நெம்பு. கட்டி தனியே மிதக்கும். நீண்ட கழிகளால் அதைத் தள்ளிக்கொண்டு கரைக் கிடங்குக்குப் போவார்கள். குதிரை தண்ணீரில் விழுந்துவிட்டால் இழுக்க, அதன் கழுத்தில் முன்கூட்டியே சுருக்குக் கயிறு மாட்டியிருக்கும். கட்டிகள் ஒரே அளவாக இருந்ததால் கப்பலில் இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது, உருகுவதும் குறைந்தது. கருவிக்கு முன் கோணல்மாணலாக வெட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் செலவும் வெகுவாக இறங்கியது.

விலை வந்ததும் தகராறும் வந்தது. யாரும் சீந்தாமல் கிடந்த ஏரி ஐஸ் யாருக்குச் சொந்தம்? 1841-இல் ஃபிரெஷ் பாண்டைப் பாகம் பிரித்தார்கள். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப், பிரித்துக் கொடுத்த மத்தியஸ்தர்களில் ஒருவர். கரையில் யாருக்கு எத்தனை அடியோ, அந்தக் கணக்கில் ஏரிப் பரப்பிலும் பங்கு. வரைபடத்தில் தண்ணீர் மேல் கோடு போட்டார்கள். அண்ணன் தம்பி வரப்புத் தகராறு நமக்குப் புதிதல்ல. வசந்தத்தில் உருகிக் காணாமல் போகும் வரப்பு எனக்குப் புதிது. அதே ஆண்டு ஐஸ் ஏற்றவே ஏரிக்கரை வரை ரயில் பாதையும் வந்தது.

கல்கத்தாவுக்கு முதல் கப்பல் 1833 மே மாதம் புறப்பட்டது. ‘டஸ்கனி’ என்று பெயர். 180 டன் ஏற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கழித்துச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கூடவே ஆப்பிளும் வந்தது. பிறகுதான் பம்பாயும் மதராஸும். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பெரிய மாற்றம் அமெரிக்கச் சமையலறையில் நடந்தது. மரப் பெட்டி, உள்ளே துத்தநாகத் தகடு, மேல்தட்டில் ஐஸ் கட்டி, அடியில் சொட்டுத் தண்ணீருக்கு ஒரு தட்டு. ராத்திரி அந்தத் தட்டைக் கொட்ட மறந்தால் காலையில் தரையெல்லாம் ஈரம். இந்தப் பெட்டி வந்த வீடுகளில் பாலும் வெண்ணெயும் மறுநாளைக்கு நின்றன. ஐஸ்காரர் பெரிய இடுக்கியால் கட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறை வரை வந்து வைத்துவிட்டுப் போவார்.

அதே ஐஸ் ரயிலிலும் ஏறியது. அதுவரை மாடுகளை உயிரோடு சிகாகோவிலிருந்து கிழக்கு நகரங்களுக்கு அனுப்பினார்கள். தோல், எலும்பு, கொம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூலி. கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் என்ற இறைச்சி வியாபாரி, சிகாகோவிலேயே வெட்டி, ஐஸ் வைத்த ரயில் பெட்டிகளில் கறியை மட்டும் அனுப்பலாம் என்றார். 1870-களின் கடைசியில் அதற்கான பெட்டி சரிப்பட்டு வந்தது. மாட்டுப் பெட்டிகளிலும் தொழுவங்களிலும் பணம் போட்டிருந்த ரயில் கம்பெனிகள் முரண்டு பிடித்தன; அந்தச் சரக்கு அதிகம் இல்லாத கிராண்ட் டிரங்க் ரயில்வே மட்டும் ஒத்துக்கொண்டது. ஊர்க் கசாப்புக் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், தாக்குப்பிடிக்கவில்லை. எங்கோ யாரோ வெட்டிய கறியைச் சாப்பிடுவது சாதாரணமாகிப்போனது.

நூற்றாண்டின் கடைசியில், சாக்கடை கலந்த ஆற்று ஐஸால் நோய் வருகிறது என்ற பயம் பரவியது. இயந்திர ஐஸும் மலிவானது. நம் ஊரிலும் இயந்திர ஐஸ் வந்ததும் கப்பல் ஐஸ் நின்றது, கிடங்கு கைமாறியது.

ஃபிரெஷ் பாண்ட் இன்னும் இருக்கிறது. கரையில் இருந்த ஐஸ் கிடங்குகளை அகற்றிவிட்டு, நகராட்சி அதைக் குடிநீர்த் தேக்கமாக்கிக்கொண்டது. பேராசிரியர் கோடு போட்டுப் பாகம் பிரித்த தண்ணீர், இப்போது கேம்பிரிட்ஜ்காரர்கள் வீட்டுக் குழாயில் வருகிறது.

வணக்கம்.