சுவிட்ச் போடாத ரைஸ் குக்கர்

(சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் மனச்சோர்வு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வேலைகளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக என் சமையலறைக்கே கூட்டிப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. அரிசி களைந்து, தண்ணீர் அளந்து ஊற்றி, ரைஸ் குக்கரை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் பசி என்று வந்தார்கள். மூடியைத் திறந்தால் அரிசி தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. சுவிட்சைப் போடவே இல்லை. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. என் மாமியார், "மனசு எங்கேம்மா இருக்கு?" என்றார். பரிவாகத்தான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

அப்போது நான் தமிழாசிரியை. மாணவர் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால் முதல் பத்தியையே ஏழெட்டு முறை படிப்பேன். கண் வரிமேல் போகும், உள்ளே ஒன்றும் இறங்காது. மூளை மழுங்கிவிட்டது, வேலையை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். மனச்சோர்வு என்று தோன்றவே இல்லை. மனச்சோர்வு என்றால் ஓயாத அழுகை என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று, சிந்திக்கவோ கவனம் செலுத்தவோ முடிவெடுக்கவோ முடியாமல் போவது. துக்கமும் தூக்கக்கேடும் இருக்கும் அதே பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 6.3 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது கடும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஏறக்குறைய 16 பேரில் ஒருவர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையை ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு காரியம் முடியும்வரை அதைப் பிடித்துவைத்திருக்க நமக்குச் செயல்நினைவு என்று ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சொன்ன விலையைக் காசு எண்ணும்வரை நினைவில் வைத்திருப்பது அதுதான். அதன் இடம் சின்னது. மனச்சோர்வில் அந்த இடத்தைப் பழைய எண்ணங்கள் பிடித்துக்கொள்கின்றன. 'அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, நான் எதற்கும் லாயக்கில்லை' என்று மாடு அசைபோடுவதுபோல மனம் மென்றதையே மெல்லும். அப்புறம் சுவிட்சுக்கு இடம் ஏது? நாம் மறந்ததாக நினைக்கும் பல விஷயங்கள் முதலிலேயே உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது. சரியான தூக்கமும் இல்லாததால் பகலில் படித்தது இரவில் பதிவதும் கெடுகிறது.

முடிவெடுப்பது இன்னும் கொடுமை. தேக்கா உணவங்காடியில் ஒருநாள் என் முறை வந்ததும், "தோசையா, புரோட்டாவா?" என்று கேட்டார்கள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். ஒன்றும் வாங்காமல் நகர்ந்து பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது திமிர் மாதிரியோ சோம்பல் மாதிரியோ தெரியும்.

இன்னொன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் போனபோது ஆலோசகர் என்னிடம், "நீங்கள் மகிழ்ச்சியாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்றார். "பள்ளி விடுமுறையில் பினாங்கு போவோம், நன்றாக இருக்கும்" என்றேன். "சரி, அதில் ஒரே ஒரு நாள்?" என்றார். எவ்வளவு துழாவியும் ஒரு நாள்கூடக் கையில் சிக்கவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் என்ற உளவியலாளர்கள், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் இதையே கண்டு 1986இல் எழுதினார்கள். ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னால், 'எப்போதும் இப்படித்தான்' என்ற பொதுப் பேச்சே வந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இது உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஒரு சிக்கல் வந்தால், முன்பு இதேபோல் வந்தபோது என்ன செய்தோம் என்று தேடித்தானே வழி காண்கிறோம்? அந்த 'முன்பு' மங்கிப்போனால் வழியும் மங்கிவிடுகிறது. "நல்லதே நடக்கவில்லை" என்று உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால், நன்றிகெட்ட பேச்சு என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு அந்த நல்ல நாள் உண்மையிலேயே எட்டவில்லை. பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பினாங்கில் மழை பிடித்துக்கொண்டு, என் சின்ன மகன் ஒற்றைச் செருப்போடு ஓடிய மாலை எனக்கு அப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

வயதானவர்கள் மறந்தால் உடனே முதுமை மறதிநோய் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மனச்சோர்வும் அதேபோலத் தோற்றம் காட்டும். தைராய்டு குறைவு, பி12 குறைவுகூட அப்படிச் செய்யும். மனச்சோர்வும் மறதிநோயும் சேர்ந்தும் வரலாம். அதனால் வீட்டில் பேசித் தீர்ப்பு எழுதாமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப்போங்கள். கடும் மனச்சோர்வின் சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். நள்ளிரவில் மனம் தாங்கவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநல எண் இருக்கிறது.

மருந்தும் ஆலோசனையும் எடுத்து முகம் தெளிந்த பிறகும், பலருக்குக் கவனமும் ஞாபகமும் உடனே திரும்புவதில்லை. எனக்கும் நெடுநாள் இழுத்தது. சிரிக்கிறாளே, இனி எல்லாம் பழையபடி செய்வாள் என்று வீட்டில் எதிர்பார்ப்பார்கள். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்காமல் "ரசமா, சாம்பாரா?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் ரசத்தை வைத்துவிடுங்கள். என் மாமியார் ஒரு துண்டு அட்டையில் 'சுவிட்ச்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, குக்கர் மூடியில் ஒட்டிவைத்தார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கோடு.

முன்வரிசையில் அந்த அக்கா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறார். கேளுங்கள் அக்கா.