பிள்ளை பெற்ற வயிற்றுக்கும் வைத்தியம் உண்டு

நடுவர் அவர்களுக்கும் அவிநாசிப் பெருமக்களுக்கும் வணக்கம். பேறுகாலத்துக்குப் பின் வயிற்றைச் சீராக்கும் அறுவை சிகிச்சை தேவையே என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் சற்றுமுன், “பிள்ளை பெற்ற வயிறென்ன, பிடித்துத் தைக்கத் தொளதொள ஜாக்கெட்டா?” என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். தட்டியவற்றில் பெண்களின் கைகள் எத்தனை என்று அவர் பார்த்தாரா?

பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தைக்கும் பெண் ஒருத்தியை அறிவேன். இரட்டைப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கிய பிறகும் அவளுக்கு வயிறு உள்ளே போகவில்லை. திருப்பூர்ப் பேருந்தில் நடத்துநர் நல்ல மனத்தோடு, “மாசமா இருக்கறவங்க நிக்கறாங்க, எந்திரிச்சு எடம் குடுங்க” என்றார். எழுந்த பெரியம்மா, “எத்தன மாசம் அம்மிணி?” என்றார். பின்னாலிருந்து ஒருவர், “வயித்தப் பாத்தா பையந்தானுங்க” என்றார். அத்தனை பேர் முன்னிலையில் மறுக்கக் கூசியவள், “ஏழுங்க” என்று சொல்லி உட்கார்ந்தாள். கதை அங்கே முடியவில்லை. சில மாதங்கள் கழித்துச் சந்தையில் அதே பெரியம்மா ஆசையாகக் கையைப் பிடித்து, “என்ன கொழந்த சாமி?” என்று கேட்டார். தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

நண்பரே, அவளுக்கு வேண்டியது நீங்கள் கேலி செய்த அந்தத் தையல்தான். கரு வளர வளர, வயிற்றின் நடுவே நெடுக ஓடும் இரு தசைப்பட்டைகள் விலகுகின்றன. பலருக்குத் தானாகவோ பயிற்சியாலோ கூடிவிடும். சிலருக்கு இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் நின்றுவிடும். அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு கீறி, அந்தத் தசைகளை இழுத்துத் தைத்து, மிகுந்த தோலை நீக்கித் தொப்புளுக்குப் புதுவழி அமைக்கிறார்கள். தழும்பு நிற்கும், நீர் கோக்கலாம், இரத்தம் கட்டலாம். ஆகவேதான் விரும்பிய பிள்ளைகளைப் பெற்று முடித்து, பேறுகாலம் கழிந்து குறைந்தது 6 மாதமாவது ஆகி, எடை நிலைத்த பின் வாருங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். அதன்பின் கருவுற்றாலும் பொதுவாகப் பிள்ளைக்குக் கேடில்லை. தசை மறுபடி விலகலாம், அவ்வளவே.

பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியச் சோறு போட்டு, பழைய நூல்சேலையை மடித்து வயிற்றை இறுகக் கட்டிய ஆத்தாக்களும் அமுச்சிகளும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அதை யாராவது ஆடம்பரம் என்றார்களா? இந்தப் பிள்ளை மறுபடி நிமிர்ந்து நடக்க வேண்டும் என்றுதானே கட்டினீர்கள்? கட்டிய கைகளை உயர்த்துங்கள் தாயே, நடுவர் பார்க்கட்டும்!