வலைக்கண் எவ்வளவு?

எல்லோருக்கும் வணக்கம். கடல் தொழில் பார்ப்பவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் வலையிலிருந்தே தொடங்குகிறேன். வலைக்கண் பெரிதாக இருந்தால் நெத்திலி நிற்காது. அதற்காகக் கடலில் நெத்திலியே இல்லை என்போமா? நுண்நெகிழிக் கணக்கும் இப்படித்தான்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்கை நுண்நெகிழி என்கிறார்கள். கடலின் மேல்மட்டத்தில் அதை அள்ள மாண்டா என்றொரு வலையை இழுப்பார்கள். அதன் கண் பெரும்பாலும் 0.33 மில்லிமீட்டர். துணி துவைக்கும்போது உதிரும் பாலியஸ்டர் இழை தலைமுடியைவிட மெல்லியது. அதில் பெரும்பகுதி நழுவிப் போய்விடும். அதே இடத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு நுண்ணிய வடிதாளில் வடித்தால் எண்ணிக்கை பல மடங்கு ஏறும். கடல் என்னவோ அதே கடல்தான்! ஆகவே, ‘ஒரு கனமீட்டரில் இத்தனை துணுக்கு’ என்று செய்தி வந்தால், வலைக்கண் எவ்வளவு என்று கேளுங்கள்.

மணலிலும் இந்தச் சிக்கல் உண்டு. கெட்டியான உப்புக் கரைசலில் மணலைக் கலக்கினால் பாலித்தீன் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் கனமானது. மணலோடு அடியில் தங்கிவிடும். அதை மிதக்கவைக்கத் துத்தநாகக் குளோரைடு போன்ற அடர்ந்த கரைசல் வேண்டும். அப்புறம், எண்ணுகிறவரின் சட்டை இழையே மாதிரியில் விழலாம். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் பருத்திக் கோட்டு போடுகிறார்கள். வெளியிலிருந்து எவ்வளவு இழை விழுந்தது என்று தெரிய, சுத்தமான தண்ணீரையும் கூடவே வடித்துப் பார்க்கிறார்கள்.

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை, அதாவது பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்கும் சிறுமணிகள், இருந்தது. வெள்ளைக் குருணையைக் குழந்தைகூட அடையாளம் கண்டுவிடும். தீயில் கருகி உருகிய துண்டுகள்? அவை கல்லோடு கல்லாகக் கிடந்தன. 2025 மே 25 அன்று கொச்சிக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது கன்னியாகுமரிக் கரையிலும் குருணை ஒதுங்கியது. அதற்கு முன்பே அந்த மணலில் எவ்வளவு கிடந்தது என்ற பழைய கணக்கு இருந்தால்தான் கப்பல் கொட்டியதைப் பிரித்துச் சொல்ல முடியும். விபத்து நடந்த பிறகு அந்தக் கணக்கை எடுக்க வழியில்லை.

சரி, நம் கரைக்கு இன்றே ஒரு கணக்கு தொடங்கிவிடலாம். கூட்டம் முடிந்ததும் வர முடிந்தவர்கள் வாருங்கள். அலை கடைசியாக ஏறிய கோட்டில் ஒரு சதுர மீட்டர் குறித்து, மேல்மணலைச் சலிப்போம். நாள், இடம், சல்லடைக் கண் மூன்றையும் நோட்டில் எழுதுவோம். நான் கொண்டுவந்திருப்பது 1 மில்லிமீட்டர் சல்லடை. இழை எதுவும் இதில் நிற்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.