பச்சை பூசாத படம்

முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். தெரிகிறதா? கறுப்பு மார்க்கரில் போட்ட கையெழுத்து. லூ ஃபெரிக்னோ. பழைய ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரில் பச்சை மனிதராக நடித்தவர். நேற்று மாலை என் கண்முன்னால் போட்டுக்கொடுத்தார். மை கலைந்துவிடுமோ என்று பயந்து, காரில் பக்கத்து இருக்கையில் மல்லாக்க வைத்தே வீடுவரை கொண்டுவந்தேன்.

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் பெரும்பாலும் கேட்காமல் போய்விட்டது. ஏழு வயதில் திருச்சியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தோம். புது ஊர், புது மொழி, காதில் மெஷின். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குத் துணை தொலைக்காட்சிதான். அதில் மறுஒளிபரப்பாக ஓடியது ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’. 1977இல் தொடங்கி 1982 வரை சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோனது.

டாக்டர் டேவிட் பேனராக பில் பிக்ஸ்பி நடித்திருப்பார். அவர் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடாது. கேமரா அவர் முதுகுப் பக்கம் போய்விட்டால் மீதிப் பாதியும் போய்விடும். ஆனால் கோபம் வந்து அவர் கண் நிறம் மாறியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். சட்டை கிழியும், பச்சை உடம்பு எழுந்து நிற்கும். அதன்பிறகு பேச்சே கிடையாது. அந்தப் பச்சை மனிதர் முகத்தாலும் தோளாலும் கையாலும் மட்டுமே எல்லாவற்றையும் சொல்வார். வீட்டில் இருந்த எல்லோருக்கும் எவ்வளவு புரிந்ததோ அவ்வளவு எனக்கும் புரிந்த ஐந்து நிமிடங்கள் அவை. அந்த உறுமல்கூட ஃபெரிக்னோவின் குரல் இல்லை. முதலில் டெட் காசிடியும், 1979இல் அவர் இறந்த பிறகு சார்ல்ஸ் நேப்பியரும் கொடுத்த குரல் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து அபார்ட்மெண்ட் அண்ணன் ஒருவர்தான் ஒருநாள் சொன்னார்: உன் பச்சை ஆளுக்கும் காது கேட்காது, தெரியுமா? நான் நம்பவில்லை. உண்மைதான். சிறு குழந்தையாக இருந்தபோதே காதில் அடுத்தடுத்து வந்த தொற்றால் கேட்கும் திறனில் பெரும்பகுதியை இழந்தவர் அவர். புரூக்ளினில் வளர்ந்து, உடற்பயிற்சியில் இறங்கி, 1973இலும் 1974இலும் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கியவர்.

பிறகு ‘கிங் ஆஃப் தி பீச்’ என்ற பகுதி வந்தது. 1981இல் எடுத்தது. அதில் ஃபெரிக்னோவுக்கு இரண்டு வேடம். ஒன்று ஹல்க். இன்னொன்று கார்ல் மோலினோ என்ற உடற்பயிற்சி வீரர், காது சரியாகக் கேட்காதவர். பச்சைச் சாயம் இல்லாமல், தன் சொந்த முகத்தோடு, தன் சொந்தக் குரலில் அவர் பேசினார். என்னைப் போலவே பேசினார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். தோசைக் கரண்டியோடு வந்த அம்மா அப்படியே நின்று பார்த்தார். அடுப்பில் தோசை கருகியது. இரண்டு பேரும் நகரவில்லை.

அதுவரை காது மறையும்படி முடி வளர்த்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு முடிவெட்டப் போனபோது, காது தெரியும்படி வெட்டச் சொன்னேன்.

அவர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட வந்த நேற்றைய நிகழ்ச்சி மிகச் சிறியது. ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபம், பதினைந்து மேசை இருக்கும். பழைய காமிக்ஸ், பொம்மைகள், ஒரு மூலையில் காபி. ஆனால் சத்தம்! காது மெஷின் போட்டவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரி மண்டபத்தில் நாற்காலி இழுபடுவதும் ஒலிபெருக்கி அறிவிப்பும் மனிதக் குரலும் ஒரே குழம்பாகிவிடும். எனக்கு முன்னால் நின்றவர்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கருகே வீடியோ எடுக்க அனுமதியில்லை, அதனால்தான் இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் முறை வந்தது. ஆறடி ஐந்தங்குல மனிதர். உட்கார்ந்திருந்தபோதும் நான் நிமிர்ந்து பார்ப்பதுபோலவே இருந்தது. 2021இல் அவர் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து காதில் வைக்கும் கேட்கும் கருவி, பொருத்திக்கொண்டதைப் பற்றி அப்போதே ஒரு வீடியோவில் பேசியிருக்கிறேன். மேசையில் படங்கள் அடுக்கியிருந்தன. பெரும்பாலும் பச்சை. நான் பச்சை பூசாத இந்தப் படத்தை எடுத்து நீட்டினேன். பிறகு மெஷின் தெரியும்படி தலையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் பார்ப்பேன். உதடு எங்கே தொடங்குகிறது என்று காத்திருக்கும் பார்வை. நான் கத்தவில்லை. என் சாதாரணக் குரலில், வாய் தெளிவாகத் திறந்து, முடிவெட்டிய கதையைச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூடத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் அப்படியே என் பக்கம் முழுதாகத் திரும்பி, முகத்தை மறைக்காமல், நிதானமாகப் பதில் சொன்னார். அவ்வளவு இரைச்சலில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு வந்து சேர்ந்தது. என் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு நடுவே நான் அவ்வளவு சுலபமாகப் பேசியதில்லை.

என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அது போதும்.

நாளை இதை ஃபிரேம் போடக் கொடுக்கிறேன். அம்மாவின் சமையலறைக்குள்தான் மாட்டப்போகிறோம், அடுப்புக்கு எதிர்ச்சுவரில். மாட்டியதும் காட்டுகிறேன்.