பத்து மாத அட்வான்ஸ்

(சென்னையில் கல்லூரி மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இளைஞர்களுக்கு வீடு கிடைக்க என்ன செய்யலாம் என்று எனக்கு முன்னால் பேசிய மாணவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு வரி போட வேண்டும் என்றார் ஒருவர். அரசே நிறைய வீடு கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியாக வந்த பெண், "சொந்த வீடெல்லாம் வேண்டாம் சார், அட்வான்ஸைக் குறைத்தாலே போதும்" என்றார். அவருக்குத்தான் அதிகக் கைதட்டல். நானும் அவர் கட்சிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேளச்சேரிப் பக்கம் ஒரு சின்ன வீடு, வாடகை 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை தனி. சாவி கைக்கு வருவதற்குள் 1,44,000 ரூபாய். முதல் சம்பளமே வாங்காத பிள்ளை இதற்கு எங்கே போகும்? அம்மாவின் வளையல்தான் அடகுக் கடைக்குப் போகிறது. காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மாதா மாதம் வாடகை கட்ட வக்குள்ளவர்கள்கூட இந்த முதல் தொகையைப் புரட்ட முடியாமல், பி.ஜி. என்கிற தனியார் விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேராகக் காலம் தள்ளுகிறார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் தமிழ்நாடு புதிய சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்றுதான் தொடங்குகிறது! வெயிலில் பத்து வீடு ஏறி இறங்கியவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? அந்த நாலு வார்த்தையை எடுத்துவிடச் சொல்லி உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுங்கள். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

காலி வீட்டு வரிக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. வரி போடலாம், தப்பில்லை. ஆனால் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களில் பலருக்குக் குடியிருப்பவர் காலி செய்ய மாட்டார் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் போகாமல் வரியை மட்டும் போட்டால், வரியைக் கட்டிவிட்டுப் பூட்டையும் மாட்டிக்கொள்வார்கள்.

அரசு கட்டட்டும் என்பவர்கள் ஒருமுறை நகருக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கம் போய்வாருங்கள். அடுக்கடுக்காக வீடுகள். அரசுதான் கட்டியது. கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. வீடு இருக்கிறது, பிழைப்பு பஸ்ஸில் போகிறது.

இதற்கு நேர் எதிராக, வேலைக்குப் பக்கத்திலேயே படுக்கை வந்த கதை ஒன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் பூந்தமல்லி அருகே தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். நெரிசலான அறை, மோசமான சாப்பாடு என்று அவர்கள் சொன்ன குறைகள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், தமிழக அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் தொழிலாளர்களுக்காகக் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஆலைக்குப் பக்கத்திலேயே படுக்கை. வீட்டுவசதித் திட்டம் என்று யாரும் அந்தச் சாலைமறியலைச் சொல்வதில்லை. நான் சொல்வேன். ஆனால் வேலை போனால் படுக்கையும் போய்விடும் என்ற சிக்கல் அதில் இருக்கிறது. அதையும் யோசியுங்கள்.

பார்சிலோனாவில் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பழைய ஆலை வளாகத்தை ஒட்டி, மாநகராட்சி நிலத்தை 75 ஆண்டு குத்தகைக்கு எடுத்து 'லா போர்டா' என்ற கூட்டுறவுச் சங்கம் 28 வீடுகள் கட்டியது. 2018இல் குடியேறினார்கள். வீடு சங்கத்துடையது. உறுப்பினர் குடியிருக்கலாம், லாபத்துக்கு விற்க முடியாது. கூட்டுறவு நமக்கும் புதிதில்லை. சென்னை அடையாற்றில் உள்ள காந்தி நகரே ஒரு கூட்டுறவுச் சங்கம் போட்ட மனைப்பிரிவுதான். ஆனால் அங்கே மனை ஆளுக்கு ஆள் சொந்தமாகிவிட்டது. இன்று அங்கே ஒரு பட்டதாரி வாடகைக்குப் போக முடியுமா, கேட்டுப் பாருங்கள். நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

சரி, வீட்டு உரிமையாளர் பக்கமும் பேசியாக வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறார். பத்து மாத அட்வான்ஸ் அவருக்குப் பேராசை இல்லை. குடியிருப்பவர் வாடகையை நிறுத்திவிட்டு நீதிமன்றத்துக்குப் போனால் எத்தனை வருடம் ஆகும் என்ற பயம். புதிய சட்டத்தில் வாடகை நீதிமன்றம் இருக்கிறது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய இணையதளம் இருக்கிறது. ஆனாலும் பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் டைப் அடித்துப் பீரோவில் வைக்கும் பழக்கம் போகவில்லை. பதிவான ஒப்பந்தத்துக்குச் சில மாதங்களில் தீர்ப்பு உறுதி என்றால், அந்த ஆசிரியர் மூன்று மாத அட்வான்ஸுக்கு இறங்கி வருவார் என்பது என் நம்பிக்கை.

இந்த அரங்கில் வீட்டு உரிமையாளர்கள் யாராவது இருந்தால், கேள்வி நேரத்தை அவர்களே தொடங்கட்டும்.